சமையல் குறிப்புக்குள் நூற்று நாற்பது பேர்

பேருந்துப் பணிமனையில் எல்லாருக்கும் அவர் பட்டியல் அக்கா. ஐம்பத்தெட்டு வயது ஓட்டுநர் பெரியவர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். அக்காவுக்கு நாற்பத்தாறுதான் ஆகிறது என்பதை அங்கே யாரும் பொருட்படுத்துவதில்லை. எந்த ஓட்டுநர், எந்த நடத்துநர், எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று வாரா வாரம் பணிப்பட்டியல் போடுவது அவர் வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தத் தாள் அறிவிப்புப் பலகையில் ஏறும். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஒரு வாரத்துக்கு நூற்று நாற்பது பேருடைய தூக்கமும் சாப்பாடும் அந்தத் தாள் சொன்னபடிதான்.

அக்கா வருவதற்கு முன்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கொக்கிப் பலகை இருந்தது. ஆளுக்கொரு எண் வில்லை. மேற்பார்வையாளர் வில்லையைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி வாரத்தில் மூன்று நாளை ஓட்டுவார். அவருக்குப் பிடித்தவனுக்கு நல்ல வழித்தடம், பிடிக்காதவனுக்குக் குண்டும் குழியும். அவர் ஓய்வு பெற்றதும் அந்தப் பலகை அக்காவின் தலையில் விழுந்தது. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, நாற்பதாவது வயதில், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கணினியில் இலவசப் பாடங்களைப் போட்டுப் பார்த்துப் பைத்தான் என்கிற கணினி மொழியைக் கற்றுக்கொண்டார். சும்மா சொல்லக் கூடாது, முதல் மூன்று மாதம் அழாத குறைதான்.

"கம்ப்யூட்டரோட பேசறதுல பாதி என்னோட பேசினா நான் எப்பவோ திருந்தியிருப்பேன்" என்பார் அவர் கணவர். பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர், வாய் சும்மா இருக்காது.

"உங்களைத் திருத்தறதுக்கு இன்னும் ஒரு மொழி கண்டுபிடிக்கலைங்க" என்பார் அக்கா.

பட்டியல் போட அக்கா எழுதிய புரோகிராமில் ஒரு ரகசியம் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் திணிக்காமல் சிலவற்றைத் தனியாக எழுதி வைத்துவிட்டு, வேண்டும்போது "வா இங்கே" என்று கூப்பிட்டுக்கொள்ளலாம். அந்தத் தனிக் கோப்பை மாட்யூல் என்பார்கள். அக்கா அப்படி ஒன்று எழுதி, அதற்கு விருப்பம் என்று பெயர் வைத்திருந்தார். யாரும் மனுப் போட்டுக் கேட்காத விஷயங்களெல்லாம் அதற்குள் இருந்தன. பதினேழாம் எண்ணுக்கு இடது முழங்கால் வலி, மேட்டு வழித்தடம் வேண்டாம். முப்பத்தொன்றின் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை, காலையில் ஒரு மணி நேரமாவது இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். நாற்பத்திரண்டையும் எண்பத்தாறையும் ஒரே வண்டியில் போடவே கூடாது. தேநீர் மேசைப் பக்கம் காதில் விழுந்ததையெல்லாம் அக்கா ஆறு வருஷமாகச் சேர்த்து எழுதியது அது.

எல்லாம் அடுத்தவர் வீட்டு விஷயம். அலுவலகக் கணினியை நாலு பேர் தொடுவார்கள். அதனால் அந்தக் கோப்பைத் தன் சொந்தக் கோப்புறை ஒன்றில் வைத்து, அந்தக் கோப்புறைக்குச் "சமையல் குறிப்பு" என்று பெயர் கொடுத்திருந்தார். அந்தப் பெயரைப் பார்த்தால் பணிமனையில் ஒரு ஆண்பிள்ளையும் திறக்க மாட்டான் என்பது அவர் போட்ட கணக்கு. கணக்கு கொஞ்சமும் தப்பவில்லை, அதுதான் வினையாகப் போயிற்று.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். அக்காவின் புரோகிராமை அவருடைய மடிக்கணினியில் போட்டு, சுவரில் பெரிதாகக் காட்டச் சொன்னார்கள். அந்த மடிக்கணினியில் சமையல் குறிப்பு எங்கே இருக்கும்? மாட்யூலைக் காணோம் என்று சுவர் முழுக்கச் சிவப்பு எழுத்து. "என்னம்மா, இது நம்மளைத் திட்டுதா?" என்றார் அதிகாரி. எல்லாரும் சிரித்தார்கள். அக்காவுக்கு மானமே போயிற்று. அன்றைக்கே உட்கார்ந்து நாலு வரி சேர்த்தார். விருப்பம் கிடைத்தால் எடுத்துக்கொள், கிடைக்காவிட்டால் வாயைத் திறக்காமல் மேலே போ. அதிகாரி போனதும் அந்த வரிகளை எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அக்காவுக்கென்று இருந்த ஒரே ஆசை நீச்சல். நாற்பத்தைந்து வயதில் நகராட்சிக் குளத்தில் பெண்கள் வகுப்பில் சேர்ந்தார். வியாழக்கிழமை நாலு மணி வகுப்பு. ஆறு வகுப்பு போய், மல்லாந்து மிதக்க மட்டும் கற்றுக்கொண்டார். அப்புறம் விடுப்பு மனுக்களை வியாழன் மூன்று மணி வரை வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மூன்று மணிக்கு மேல் பட்டியல் போட்டு, ஐந்து மணிக்கு ஒட்ட வேண்டும். நீச்சலுடை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அவர் அதைப் பற்றி யாரிடமும் புலம்பவில்லை.

இப்படியிருக்க, ஒரு புதன்கிழமை புதுக் கணினி வந்தது. பழையதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்த கம்ப்யூட்டர்காரர் போகும்போது, "அக்கா, உங்க சொந்தச் சமாசாரத்தையெல்லாம் விட்டுட்டேன். ஆபீஸ் ஃபைல் அத்தனையும் வந்தாச்சு" என்றார். அக்கா தொலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டே சரி சரி என்று தலையாட்டினார். பழைய பெட்டியைச் சுத்தமாகத் துடைத்து அன்றைக்கே எடுத்துப் போய்விட்டார்கள்.

வியாழக்கிழமை பட்டியல் பதினோரு வினாடியில் வந்து விழுந்தது. பழைய கணினியில் நாலு நிமிஷம் ஆகும். "புதுசுன்னா புதுசுதான்!" என்று அக்கா மேலாளரிடம் பெருமையடித்துக்கொண்டார். அரைமனசாக வேலை செய்தால் யாருக்கும் சீக்கிரம் முடியும் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை, பாவம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஒரு நகரப் பேருந்து இருபது நிமிஷம் தாமதமாகப் பணிமனைக்குள் வந்தது. அதிலிருந்து ஒரு பயணி இறங்கி, நேராக அக்காவின் ஜன்னலுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, இந்த வண்டில டிரைவரும் கண்டக்டரும் ஒருத்தரோட ஒருத்தர் பேச மாட்டாங்களாம். 'வண்டியை எடுக்கலாம்னு அவர்கிட்ட சொல்லுங்க'ன்னு கண்டக்டர் எங்ககிட்ட சொல்றார். 'ஏன், அவருக்கு வாய் இல்லையான்னு கேளுங்க'ன்னு டிரைவர் எங்ககிட்ட கேக்கறார். வழி பூரா நாங்கதான் தூது. டிக்கெட்டும் எடுத்து வேலையும் பார்க்கணுமா?"

அக்கா எட்டிப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கையில் மீசை, படிக்கட்டில் தகரம். மீசை என்பது நாற்பத்திரண்டாம் எண், தகரம் என்பது தொண்டை பெரிய எண்பத்தாறாம் எண். ஒன்பது வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இந்த ஜோடியை அக்கா கனவில்கூடச் சேர்த்திருக்க மாட்டார். ஓடிப் போய்ப் பட்டியலைப் பார்த்தார். முழங்கால் வலிக்காரர் மேட்டு வழித்தடத்தில். நர்ஸின் கணவர் காலை நாலரை வண்டியில். "ஐயோ, சமையல் குறிப்பு!" என்று வாய்விட்டே கத்திவிட்டார்.

அடுத்த நொடி அவர் விரல் எழுபத்துமூன்றாம் எண்ணுக்குப் போனது. போன இடத்திலேயே நின்றுவிட்டது.

எழுபத்துமூன்றுக்கு அமைதி என்று பெயர். வாயில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அவன் மனைவி முதல் பிள்ளைக்கு முழுகாமல் இருந்தாள். போன மாதம் அக்காவின் ஜன்னலோரம் வந்து நின்று, காலால் தரையைத் தேய்த்துவிட்டு, "அந்த நேரத்துல நான் பக்கத்துல இருந்தா போதும்கா. அவளுக்குப் பயம்" என்றான். இந்த மாதம் முழுக்க அவனுக்கு ஊருக்குள் ஓடும் வண்டிதான், ஆஸ்பத்திரிக்கு அரை மணியில் வந்து சேர வேண்டும் என்று விருப்பத்தில் எழுதி வைத்தவர் அக்காவேதான். இப்போது அவன் ஒன்பது மணி நேர நெடுந்தூர வண்டியில் இருந்தான். ஐந்தரைக்கே கிளம்பிவிட்டான்.

ஒன்பதே காலுக்குத் தொலைபேசி அடித்தது. அமைதியின் மாமியார்.

"மாப்பிள்ளை போன் அணைஞ்சிருக்கும்மா. இவளுக்கு வலி எடுத்துடுச்சு, ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். தலைப்பிள்ளை, நேரமாகும்னு டாக்டர் சொல்றாங்க. ஆனா இவ அவரைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. வந்துடுவார்தானே?"

"வந்துடுவார்மா" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தார். எப்படி வருவார் என்று அவருக்கே தெரியாது. நேரே மேலாளர் அறைக்குப் போய், சமையல் குறிப்பு முதல் அந்த நாலு வரி வரை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார்.

மேலாளர் பயந்த சுபாவம். எதற்கும் முதலில் "அடடா" என்பார். அன்றைக்கும் சொன்னார். "அடடா. சமையல் குறிப்புக்குள்ள மனுஷங்களையா வச்சிருந்தீங்க?"

"திட்டறதை அப்புறம் திட்டுங்க சார். முதல்ல அவனைத் திருப்பணும்."

"நடுரோட்டுல எப்படிம்மா திருப்பறது? அம்பது பேர் உட்கார்ந்திருப்பாங்களே!"

அக்காவுக்குப் பட்டியல் மனப்பாடம். அதே நேரத்துக்கு அந்தக் கோடியிலிருந்து ஒரு வண்டி எதிரே கிளம்பியிருக்கும். இரண்டும் பத்து மணிக்குப் பாதி வழி நிறுத்தத்தில் சந்தித்து, பயணிகள் தேநீர் குடிக்கக் கால் மணி நேரம் நிற்கும். எதிர் வண்டியை ஓட்டி வருவது பெரியவர். ஓட்டுநர்கள் மட்டும் வண்டி மாறிக்கொண்டால் போதும், இரண்டு பேருக்கும் ஓட்டுகிற நேரம் மாறாது. ஆனால் பெரியவர் இரண்டு நாளாக வீட்டைப் பார்க்கவில்லை. மாறினால் வந்த வழியே திரும்பிப் போய் இன்னொரு ராத்திரி அங்கே தங்க வேண்டும்.

மேலாளர் தொலைபேசியை அக்கா பக்கம் நகர்த்தினார். பிறகு, "போன் போடுங்க. உத்தரவு என்னோடது" என்றார். அவர் அவ்வளவு தைரியம் காட்டி அக்கா பார்த்ததில்லை.

பத்து மணிக்கு எதிர் வண்டி நடத்துநரின் கைப்பேசியில் பெரியவர் கிடைத்தார். அக்கா விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "இதைக் கேக்கணுமா?" என்றார். "நான் இப்ப வீட்டுக்கு வந்து என்ன பண்ணப் போறேன், டிவி பார்க்கப் போறேன். அதை அங்கயும் பார்த்துக்கறேன். பயலை அனுப்பி வைக்கறேன், நீங்க தண்ணி குடிங்க முதல்ல."

பிறகு அமைதி பேசினான். பேசினான் என்று சொல்ல முடியாது, "அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றான்.

"ஏம்பா, பட்டியலைப் பார்த்ததும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா? என்னை நல்லா நாலு திட்டு திட்டக்கூடாதா?"

"நீங்க போட்டா ஏதாவது காரணம் இருக்கும்னு நினைச்சேன்கா."

இரண்டு வருஷத்துக்கு முன் சுவரில் வந்த சிவப்பு எழுத்தெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்த பயணத்தைப் பற்றி அந்த வண்டியின் நடத்துநர் இன்றைக்கும் கதை கதையாகச் சொல்கிறார். ஏன் ஓட்டுநர் மாறினார் என்று ஒரு பாட்டியம்மா கேட்க, அவர் காரணத்தைச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், வண்டி மொத்தமும் அமைதியின் கட்சி. நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்குகிறவர்கள் மூட்டை முடிச்சோடு வாசலில் தயார். ஏறுகிறவர்களை உள்ளே இருந்தவர்களே கையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அமைதி ஒரு இடத்திலும் வேகத்தைக் கூட்டவில்லை. வண்டிக்குள் இருந்தவர்கள்தான் பறந்தார்கள்.

ஆஸ்பத்திரி, பணிமனைக்கு இரண்டு நிறுத்தம் முன்னால். மேலாளர் அங்கே மாற்று ஓட்டுநர் ஒருவரை நிற்க வைத்திருந்தார். அக்காவும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார். இரண்டு இருபதுக்கு வண்டி வந்தது. அமைதி குதித்து இறங்கி ஓடினான், ஜன்னல் ஜன்னலாகத் தலைகள், "ஓடுப்பா, ஓடு!" என்று ஒரே கூச்சல். மாடிப்படியில் தொப்பி விழுந்ததைக்கூட அவன் பார்க்கவில்லை. அக்கா அதை எடுத்துக்கொண்டு, வராந்தாவில் மாமியாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மூன்று முப்பத்தைந்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்ச நேரம் கழித்து அமைதி வெளியே வந்தான். அழுகிறானா சிரிக்கிறானா என்று அக்காவால் சொல்ல முடியவில்லை. "கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்கா" என்றான். அக்கா மட்டும் சந்தேகமில்லாமல் அழுதார். சந்தோஷம் தாங்காமல் மாமியாரைக் கட்டிக்கொண்டார், அந்த அம்மாளை அதற்கு முன் பார்த்ததே கிடையாது.

சனிக்கிழமை காலை முதல் வேலையாக அந்த நாலு வரியைத் தூக்கினார். விருப்பம் கிடைக்காவிட்டால் புரோகிராம் அங்கேயே நிற்க வேண்டும், பட்டியல் போட மாட்டேன் என்று பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும் என்று மாற்றினார். ஓட விட்டார். திரை முழுக்கச் சிவப்பு. அக்கா எழுந்து நின்று கைதட்டினார். பிழைச் செய்திக்குக் கைதட்டுகிற மனுஷியை மேலாளர் அன்றைக்குத்தான் பார்த்தார், அடடா என்றார்.

சிவப்பாகத் திட்டுவதற்கு அந்தக் கோப்பு வேண்டாம், பட்டியல் போடுவதற்கு வேண்டுமே. ஆறு வருஷத்து விவரம் துடைத்துக்கொண்டு போய்விட்டது. பாதிதான் அக்காவின் நினைவில் நின்றது. பணிமனை வாசலில் பல வருஷமாகப் பூச்சி குடியிருந்த புகார்ப் பெட்டியைத் துடைத்துத் தேநீர் மேசையில் வைத்தார். மேலே ஒரு தாள் ஒட்டினார். "தப்பு என்னுடையது. உங்கள் வசதி, வசதிக்குறைவு எல்லாவற்றையும் எழுதிப் போடுங்கள். என்னைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டி வீட்டுக்கு வந்தது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று கணவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, சீட்டுகளை எண்வாரியாகப் பிரிக்க அவரையும் உட்கார வைத்தார். நூற்று நாற்பது பேர் நூற்று நாற்பது சீட்டுதானே போட்டிருக்க வேண்டும்? முந்நூறுக்கு மேல் இருந்தன. அக்கா ஒவ்வொன்றாகப் படித்தார். தனக்கென்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மீதியெல்லாம் பக்கத்து ஆளுக்காக. பதினேழு தன் முழங்காலைப் பற்றி எழுதவேயில்லை. ஆனால் அவருக்காக ஐந்து பேர் எழுதியிருந்தார்கள்.

கணவர் ஒன்றை எடுத்து வாசித்தார். "'நாற்பத்திரண்டுக்குக் காலை வெயில் கண்ணுக்கு ஆகாது. கிழக்கே போகிற காலை வண்டி கொடுக்க வேண்டாம். நான் எழுதினேன் என்று அவனுக்குத் தெரியக் கூடாது. எண்பத்தாறு.' யாருடி இந்த எண்பத்தாறு, அவரோட அண்ணன் தம்பியா?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "தகரம்! ஜென்ம விரோதிங்க!"

மேசை, நாற்காலி, கட்டில் என்று சீட்டுக் குவியல்கள் வீடு முழுக்கப் பரவின. கணவர் விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தார்.

"நூத்தி நாப்பத்தொண்ணு."

"தப்பா எண்ணறீங்க. ஆளே நூத்தி நாப்பதுதான்."

"ஆய்வகத்துல இருபது வருஷமா சோதனைக் குழாய் எண்ணறவன் நான். வேணும்னா நீயே எண்ணிக்கோ."

அக்கா எண்ணினார். நூற்று நாற்பத்தொன்றுதான். திரும்பவும் எண்ணினார். ஜன்னல் விளிம்பில் ஒரே ஒரு சீட்டு தனியாக இருந்தது. கணவர் வேண்டுமென்றே அங்கே வைத்துவிட்டு, எங்கேயோ பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். அமைதியின் கையெழுத்து. வாயில் நாலு வார்த்தை வராதவன் தாள் நிறைய எழுதியிருந்தான்.

"பட்டியல் அக்காவுக்கு எண் கிடையாது. அதனால் யாரும் எழுத மாட்டார்கள் என்று நான் எழுதுகிறேன். போன வருஷம் வியாழக்கிழமைகளில் ஐந்தரை மணிக்கு நீச்சல் குளம் நிறுத்தத்தில் அக்கா என் வண்டியில் ஏறுவார். தலை ஈரமாக இருக்கும். சிரித்துக்கொண்டே ஏறுவார். அப்படி அவர் ஏறி ஏழு மாதம் ஆகிறது. வியாழன் மூன்று மணிக்கு மேல் அக்காவுக்கு வேலை கொடுக்க வேண்டாம்."

அக்கா அந்தச் சீட்டை இரண்டாம் தடவையும் படித்தார். ஆறு வருஷமாக எல்லாரையும் எழுதி வைத்தவருக்குத் தன்னை எழுத வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. கணவர் எழுந்து போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து நீச்சலுடையை எடுத்து உதறினார்.

திங்கட்கிழமை அக்கா நூற்று நாற்பத்தொரு பேரையும் தட்டச்சு செய்து, கோப்பை எல்லாருக்கும் தெரிகிற அலுவலகக் கோப்புறையிலேயே, கடவுச்சொல் போட்டு வைத்தார். நாலு பிரதி எடுத்தார். வியாழக்கிழமை மூன்று மணிக்கு மேலாளர் தாமே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எந்தப் பட்டனை அமுக்கணும்னு மட்டும் சொல்லிட்டுக் கிளம்புங்க."

"சிவப்பா வந்தா?"

"வந்தா கைதட்டறேன். போங்கம்மா, குளத்தை மூடிடப் போறாங்க."

பட்டியல் நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டது என்று பிற்பாடு சொன்னார்கள். அக்காவுக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. அவர் தண்ணீரில் மல்லாந்து கிடந்தார். மறந்துபோயிருக்கும் என்று பயந்திருந்தார், உடம்பு மறக்கவில்லை.

ஐந்தரைக்கு நிறுத்தத்தில் வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையில் அமைதி. ஆறு நாள் பிள்ளைக்காரன், தூக்கமில்லாத கண். தலையிலிருந்து சொட்டச் சொட்ட அக்கா ஏறினார். அவன் திரும்பிப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை, வழக்கம்போல. ஆனால் கிளம்பும்போது, முன்னால் ஒரு வண்டியும் இல்லாத காலிச் சாலையில், நீளமாக ஒரு ஹாரன் அடித்தான்.